நான் இருந்த இரண்டு தீவுகள்

கலியாணம் முடித்து நான் போன தீவில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. கிணறு ஒன்று இருந்தது. அதில் குளிக்கலாம், சட்டி பானை கழுவலாம், ஆட்டுக்கு வைக்கலாம். ஆடும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கும். குடிக்கிற தண்ணீரை ஆற்றுக்கு அக்கரையிலிருந்து குடத்தில் நிரப்பித் தோணியில் கொண்டுவர வேண்டும். வாவி என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.

தீவு, வயல் நிறைய உள்ள ஒரு போடியாருக்குச் சொந்தம். முழுக்கத் தென்னை. கரையைச் சுற்றிச் சேற்றில் வேரூன்றி நிற்கிற கண்ணாப் பற்றை. என் புருஷன் அந்தத் தோட்டத்துக்குக் காவல்காரர். எங்கள் குடிசையைத் தவிர வேறு குடி இல்லை. வேளாண்மை வெட்டி முடிந்ததும் போடியார் நெல் அனுப்புவார். அது அடுத்த மாரி தொடங்குவதற்குள் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு மீன், நண்டு, தேங்காய். நண்டும் தேங்காயும் தின்றால் வயிறு நிறையும். ஆனால் சாப்பிட்ட மாதிரி இருக்காது. மாரியில் காற்று எழும்பினால் தோணி இறக்க முடியாது. கூரையில் ஒழுகுகிற மழையைச் சட்டியில் பிடித்துக் குடிப்போம். ஓலை வாசத்தோடு மஞ்சளாக இருக்கும் அந்தத் தண்ணீர்.

ஒரு பெண் பிள்ளை பிறந்தது. ஊரெல்லாம் காய்ச்சல் பரவிய வருஷம் அது தவழ்ந்துகொண்டிருந்தது. காற்று ஓய்ந்து தோணி இறக்குவதற்குள் முடிந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் தாட்டோம். அடுத்த நாள் நான் நண்டு பிடிக்கப் போனேன். போகாமல் என்ன செய்வது?

அதற்குப் பிந்திய ஒரு பகல்பொழுது. கரையில் மட்டி பொறுக்கிக்கொண்டு வந்து அடுப்படியில் நின்றேன். அவர் வாசலில் நின்றபடி கூப்பிட்டார்.

"புள்ள, காலப் பாரு. ரத்தம் வருகுது."

குனிந்து பார்த்தேன். சிப்பி ஓடு ஒன்று குதிகாலில் ஏறி நின்றது. நான் நடந்து வந்த மணலெல்லாம் சிவப்பாக இருந்தது. அவர் கிட்ட வந்து ஓட்டைப் பிடித்து இழுத்தார்.

"நோகல்லியா?"

"இல்ல."

அவர் என் காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். பிறகு என் முழங்கைக்கு மேலே இருந்த வெளிறிய இடத்தைப் பார்த்தார். அது தேமல் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஓட்டை ஆற்றில் எறிந்துவிட்டுக் கையைக் கழுவினார். கன நேரம் கழுவினார்.

மட்டக்களப்பில் டொக்டர் என்னை ஒரு மர வாங்கில் இருத்தி, கண்ணைத் துணியால் கட்டச் சொன்னார். "நான் தொடுற நேரம் தெரிஞ்சா ஓம் எண்டு சொல்லுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டு அவர் தொடங்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறுத்து, "ஐயா, எப்ப தொடங்குவீங்க?" என்று கேட்டேன். துணியை அவிழ்த்தார்கள். கையில் புள்ளி புள்ளியாக ரத்தம் இருந்தது. டொக்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

இப்படித்தான் இரண்டாவது தீவுக்குப் போனேன். அதுவும் அதே ஆற்றில்தான் இருக்கிறது. பெருவியாதிக்காரருக்கென்று ஒதுக்கிய தீவு. என் உடுப்பு மூட்டையை அவர் துறையில் வைத்துவிட்டு எட்டி நின்றார்.

"கிழமைக்கு ஒருக்கா வாறன்" என்றார்.

"தண்ணிக்கு ஆர் போற?" என்று கேட்டேன்.

"நான் பாத்துக்கொள்ளுறன்."

அந்தத் தீவில் நான் முதலில் கண்டது கிணற்றை. அகலமான, சீமெந்து கட்டிய கிணறு. வாளியை இழுத்துக் கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்பு இல்லை. இன்னொரு வாளி இழுத்தேன். பக்கத்தில் துணி தோய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், விரல் நுனிகள் இல்லாதவள், சிரித்தாள்.

"என்ன புள்ள, தண்ணியக் காணாத ஆள் போல குடிக்காய்?"

அவள் வாகரையைச் சேர்ந்தவள். என் கட்டிலுக்கு அடுத்த கட்டில் அவளுடையது. பிறகு பல வருஷம் நாங்கள் ஒரே அடுப்பில் சமைத்தோம்.

கட்டில் என்றேன். இரும்புக் கட்டில். அதற்கு முன் நான் கட்டிலில் படுத்தது கிடையாது. விழுந்துவிடுவேன் என்று பயந்து கொஞ்ச நாள் கீழே பாயில்தான் படுத்தேன். ஓட்டுக் கூரை ஒழுகாது. மழைக்கு எழும்பிச் சட்டி வைக்கத் தேவையில்லை. சவுக்காரம் கொடுத்தார்கள், சீலை கொடுத்தார்கள். மிஸ்ஸி வந்து புண்ணுக்கு மருந்து கட்டினார். டொக்டர் கிழமைக்கு ஒரு நாள் மட்டக்களப்பிலிருந்து வந்து எண்ணெய் ஊசி போட்டார். மற்றவர்கள் அந்த ஊசிக்குக் கத்துவார்கள். போட்ட இடம் வீங்கி, சில பேருக்குச் சீழ் கட்டும். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

சோறு ஒவ்வொரு நாளும் இருந்தது. குசினியில் சமைத்ததை வாங்கலாம். கை கால் வழங்குகிறவர்கள் அரிசியாக வாங்கி, தாங்களே சமைத்தும் சாப்பிடலாம். முதல் நாள் என் பீங்கானில் போட்ட சோற்றைக் கண்டு, இது எத்தனை பேருக்கு என்று கேட்டேன். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். புருஷன் ஆற்றங்கரையில் தனியே நிற்கிறார், நான் இங்கே வயிறு முட்டச் சாப்பிடுகிறேன் என்று ஒரு எண்ணம் வந்தது. எண்ணம்தான் வந்தது. கை நிற்கவில்லை. மாதங்கள் போக என் கன்னம் உப்பியது. கலியாண நாளில்கூட நான் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

அங்கே இல்லாதது தோணி. நோயாளர் தோணி வைத்திருக்கக் கூடாது, துறைக்கு அப்பால் போகக் கூடாது. வானம் வெளித்த காலையில் தீவின் ஒரு முனையில் நின்று பார்த்தால் என் பழைய தீவின் தென்னைகள் ஒரு கோடு போலத் தெரியும். வாகரைக்காரி என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள், நான் அழுவேன் என்று நினைத்து. நான் பார்த்தேன். மரம்தான் தெரிந்தது.

அவர் முதல் மாரி வரைக்கும் வந்தார். தோணியை விட்டு இறங்கமாட்டார். கருவாடோ இளநீரோ கொண்டுவந்தால் கம்பு நுனியில் தொங்கவிட்டு நீட்டுவார். நான் எடுத்ததும் கம்பை ஆற்றில் அலசுவார். பேசுவதற்கு எங்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. மாரி முடிந்து வருவார் என்று இருந்தேன். வரவில்லை.

இரண்டு தீவுக்கும் போய்வருகிற ஆள் ஒருவர்தான். காத்தான்குடியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் ஆள், நாங்கள் காக்கா என்று கூப்பிடுவோம். ஆற்றோரக் குடிகளுக்கு உப்பு, மண்ணெண்ணெய், துணி விற்பவர். எங்கள் தீவுக்கு விறகும் சாமானும் ஏற்றிவருவார். ஒரு நாள் துறையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒண்டு சொன்னா மனம் நோகப்படாது."

"சொல்லுங்க காக்கா."

"உன்ட மனிசன் ஒரு புள்ளயக் கூட்டிவந்து வைச்சிரிக்கான். வெல்லாவெளிப் பக்கத்துப் புள்ள."

"அப்ப தண்ணி அள்ள ஆள் வந்திட்டு" என்றேன்.

காக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் கேலியாகச் சொன்னேனா, கோபமாகச் சொன்னேனா என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டும் இல்லை. அந்தத் தீவில் முதலில் நினைக்க வேண்டியது அதுதான்.

பிறகு வெள்ளைக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் யுத்தம் வந்தது. எங்களுக்கு அது அரிசியில்தான் தெரிந்தது. சோறு குறைந்தது, குரக்கன் மா வந்தது, சில நாள் கிழங்கு. ஆனால் நின்றுபோகவில்லை. வெளியில் நின்றுபோயிருந்தது என்று காக்கா சொன்னார். கூப்பன் கடையில் ஆட்கள் விடிய முதல் வந்து நிற்கிறார்கள், பிந்திப் போனால் வெறும் சாக்குத்தான் என்றார். திருகோணமலைப் பக்கம் துறைமுக வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என் புருஷனும் போய்விட்டார் என்று சொன்னார். தோணியிலேயே புறப்பட்டவராம். அங்கே குண்டு விழுந்த பிறகு அவரைப் பற்றிய பேச்சே இல்லை.

அந்தக் காலத்தில்தான் ஒரு முற்பகல், மருந்து கட்டுகிற விறாந்தையில் நான் காலை நீட்டிக்கொண்டிருந்தேன். டொக்டர் வந்திருந்த நாள். காக்காவின் தோணியில் ஒரு இளம் பெண் வந்திறங்கினாள், இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு. குழந்தையின் வயிறு ஊதி, கால் ஈர்க்கு மாதிரி இருந்தது. அவளை நான் முன்பு கண்டதில்லை. காக்கா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தார். அவள் யார் என்று அதில் எனக்கு விளங்கிவிட்டது.

"ஆர் உங்கள இஞ்ச அனுப்பின?" என்று டொக்டர் கேட்டார்.

"ஒருத்தரும் அனுப்பல்ல ஐயா. எனக்கு வருத்தம் வந்திட்டு. நானாத்தான் வந்தன்."

அப்படிச் சொல்லிக்கொண்டு அந்தத் தீவுக்கு வந்தவரை நாங்கள் யாரும் கண்டதில்லை. மிஸ்ஸி மருந்துக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பெண் சீலையை ஒதுக்கித் தோளுக்குக் கீழே இருந்த வெள்ளைப் படையைக் காட்டினாள்.

"மரத்துப் போயிட்டு ஐயா. நெருப்புப் பட்டாலும் தெரியுதில்ல."

குழந்தையைக் காக்கா வாங்கிக்கொண்டார். மிஸ்ஸி அவள் கண்ணைக் கட்டினார். டொக்டர் எனக்குச் சொன்ன அதே சொல்லைச் சொன்னார். "நான் தொடுற நேரம் தெரிஞ்சா ஓம் எண்டு சொல்லுங்க."

பஞ்சால் தொட்டார்.

"இல்ல" என்றாள்.

ஊசி நுனியால் தொட்டார்.

"இல்ல."

டொக்டர் கையை எடுத்துக்கொண்டு சும்மா இருந்தார். அவளும் சும்மா இருந்தாள். மறுபடி குத்தினார், ரத்தம் வரக் குத்தினார்.

"இல்ல. தெரியல்ல."

நான் கீழே இருந்ததால் அவளுடைய காலைப் பார்த்தேன். கால் விரல் பத்தும் சீமெந்துத் தரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. முகத்தில் ஒன்றும் இல்லை.

டொக்டர் ஊசியை வைத்துவிட்டுத் துணியைத் தானே அவிழ்த்தார்.

"புள்ள, இது தேமல். பூச மருந்து தாறன்."

"இல்ல ஐயா, எனக்குத் தெரியல்லதான். நீங்க மெதுவாக் குத்திற. இன்னும் ஆழமாக் குத்திப் பாருங்க."

"தெரியாத ஆள் நான் தொட்ட நேரத்துக்குச் சரியா இல்ல எண்டு சொல்லுமா?"

அவளுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் நிலத்தில் இருந்துவிட்டாள்.

"இஞ்ச சோறு தாறாங்க எண்டு சொன்னாங்க" என்றாள்.

"நல்லா இரிக்கிற ஆள இஞ்ச வைக்க எனக்கு ஏலாது."

"நான் நல்லாவா இரிக்கன்? இந்தப் புள்ளயப் பாருங்க ஐயா. என்னை வேணாம், இதை வைச்சிருங்க."

"அது அதவிட ஏலாது" என்றார். உள்ளே போய் ஒரு பால்மா டின்னும் களிம்பும் எடுத்துவந்து மிஸ்ஸியிடம் கொடுத்தார். அதன் பிறகு எங்கள் யாரையும் அவர் பார்க்கவில்லை. என் காலுக்கு அன்று மருந்து கட்டவும் மறந்துவிட்டார்.

காக்கா விறகு இறக்கும் வரைக்கும் அவள் துறையில் இருந்தாள். நான் போய் எட்ட நின்றேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீங்கதானே அக்கா?"

"ஓம்."

"அவர் சொல்லியிரிக்கார்."

"என்ன சொன்ன?"

"நல்லா நண்டுக் கறி காய்ச்சுவீங்களாம்."

வேறு என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. தண்ணீருக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டேன். தோணி இல்லை, காக்கா வருகிற நாளில் ஒரு குடம் இறக்கிவிட்டுப் போவார், மற்ற நாளில் கிணற்றுத் தண்ணீர்தான் என்றாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரையா குழந்தைக்கும் கொடுக்கிறாய் என்றேன். ஓம் என்றாள். காய்களைப் போடியாரின் ஆட்கள் வெட்டி ஏற்றிவிட்டார்களாம். தாய் தகப்பன் காய்ச்சலில் போனவர்கள். அவருடன் வந்ததற்காக அண்ணன்மார் முகம் பார்ப்பதில்லை.

நான் எங்கள் அடுப்படிக்குப் போய் இருந்த அரிசியை ஒரு சீலைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து மணலில் வைத்தேன். பின்னால் நகர்ந்தேன். அவள் அதையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து காக்கா வருகிற போதெல்லாம் ஒரு முடிச்சு போகும். வாகரைக்காரி ஏசினாள்.

"உன்ட மனிசனப் புடிச்சவளுக்கா இந்த அரிசி?"

"மிச்சமாத்தானே இரிக்கி."

"மிச்சமா? நாம வயித்தக் கட்டி மிச்சம் புடிக்கிறம்!"

ஏசிக்கொண்டே தன் பங்கிலிருந்தும் போட்டாள். அரிசியை அந்தப் பெண் வெயிலில் காயவைத்து, இரண்டு தரம் வடித்துத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறாள் என்று காக்கா சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தாற்போல் தாடியைத் தடவினார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். இரக்கத்தில் கொடுத்தாயா என்று வாகரைக்காரி ஒரு முறை கேட்டாள். எனக்குத் தெரியாது. அந்த உப்புத் தண்ணீரின் ருசி எனக்குத் தெரியும், அவ்வளவுதான். வாகரைக்காரி யுத்தம் முடிவதற்கு முன்னமே சிறுநீர் வற்றி, உடம்பு வீங்கிச் செத்தாள். அவளுடைய கட்டிலை வேறு ஒருத்திக்குக் கொடுத்தார்கள்.

யுத்தம் முடிந்து சில வருஷத்தில் விழுங்குகிற குளிசை ஒன்று புதிதாக வந்தது. எண்ணெய் ஊசி நின்றது. என்னைப் பலமுறை சோதித்துவிட்டு, இனி ஒருவருக்கும் தொற்றாது, விரும்பினால் வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொன்னார். அவருக்குத் தலை நரைத்திருந்தது. சந்தோஷமாகச் சொன்னார். நானும் சிரிக்க வேண்டுமென்று சிரித்தேன். எந்த வீட்டுக்கு என்று யோசித்தேன். பிறந்த வீட்டில் தம்பி வேண்டாமென்று ஆளனுப்பிவிட்டான். காக்கா என்னைப் பழைய தீவில் இறக்கினார்.

அவள் துறைக்கு வந்து நின்றாள். மகள் அவள் இடுப்புயரத்துக்கு வளர்ந்திருந்தாள். குடிசையின் கூரை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கிணறு பாதி தூர்ந்திருந்தது. எனக்கென்று புதுப் பாய் வாங்கி வைத்திருந்தாள். அதை அடுப்படிச் சாய்ப்பில் விரித்திருந்தாள். சோற்றை எனக்குத் தனிச் சிரட்டையில் போட்டாள். போடும்போது அவள் கண் கலங்கியது.

"டொக்டர் தொத்தாது எண்டுதானாம் சொன்ன. எனக்கு விளங்குது அக்கா. ஆனா புள்ள இரிக்காள்."

"எனக்குச் சிரட்டை போதும்" என்றேன்.

அந்தப் பெண் பிள்ளைதான் என்னிடம் வந்து இருந்தாள். மடங்கிப்போன என் விரல்களைப் பார்த்து, "நிமித்தினா நோகுமா பெரியம்மா?" என்று கேட்டாள். நோகாது என்றேன். மெல்ல நிமிர்த்திப் பார்த்தாள். தாய் அடுப்படியிலிருந்து கண்டாள். கூப்பிட வாயெடுத்தாள், கூப்பிடவில்லை.

காக்கா பழைய தோணி ஒன்று அவளுக்குப் பிடித்துக் கொடுத்திருந்தார். தண்ணீருக்கு நானும் அவளோடு போனேன். குடம் என் கையில் நிற்கவில்லை. பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்று பார்த்தால்தான் எனக்குத் தெரியும். ஒரு குடம் துறையில் விழுந்து உடைந்தது. இன்னொரு நாள் சுடுசட்டியைத் தூக்கிக் கையைப் பொசுக்கிக்கொண்டேன். தோல் மணத்தது, அவள் ஓடிவந்தாள். அந்தக் கையை அன்றுதான் அவள் முதல் தரம் பிடித்தாள். பிடித்துத் தண்ணீருக்குள் வைத்தாள். அக்கரையிலிருந்து கொண்டுவந்த நல்ல தண்ணீர்.

"அக்கா, உங்களுக்கு இஞ்ச ஏலாது" என்றாள். விரட்டுகிற குரல் இல்லை.

"ஓம்" என்றேன்.

நோயாளரின் தீவுக்குத் திரும்பிப் போனபோது, நோயில்லாதவருக்குக் கட்டில் தர முடியாது என்றார்கள். டொக்டர் பேசி, குசினியில் காய்கறி வெட்டுகிற வேலை வாங்கித் தந்தார். கத்தியின் பிடியில் தடித்த துணி சுற்றி, கையோடு கட்டி வெட்டப் பழகினேன். படுக்க ஒரு சின்ன அறை. கிணறு அதே கிணறு.

அவளும் அந்தத் தீவில் கன காலம் இருக்கவில்லை. போடியார் செத்ததும் அவருடைய மக்கள் தோட்டத்தை விற்றார்கள். அண்ணன்மாரில் ஒருவன் கோபம் ஆறி, வெல்லாவெளியில் தங்கள் வயல் வட்டைக்குப் பக்கத்தில் குடிசை போட்டுக்கொண்டு இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினான். போகிற வழியில் காக்காவின் தோணியை எங்கள் துறையில் நிறுத்தச் சொன்னாள். பாயும் சட்டி பானையும் ஒரு ஆடும் தோணியில் இருந்தன. மகள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு கையைக் காட்டினாள். தாய் மட்டும் இறங்கி வந்தாள்.

"ஒண்டு கேக்கன் அக்கா" என்றாள். "அவர் எப்பயாவது திரும்பி வந்தா, அங்க ஆக்கள் இல்லாததக் கண்டு இஞ்சதான் வந்து விசாரிப்பார். நாங்க வெல்லாவெளியில இரிக்கிறம் எண்டு சொல்லிவிடுங்க."

"சொல்லுறன்" என்றேன்.

தோணி போய்விட்டது. நான் குசினிக்குத் திரும்பினேன். ஒரு ஆள் வந்து விசாரித்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை மறக்காமல் வைத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை.